தாலி அறுத்தவள் குற்றவாளியா?

இரவு நன்றாய்ச் சாப்பிட்டுப் படுத்த புருஷன் பொழுது விடிவதற்குள் மார்வலி கண்டு செத்துப் போனால், நமது நாட்டில் முதலில் நடப்பதென்ன? டாக்டர் என்ன சொன்னார் என்று யாராவது கேட்கிறார்களா? கிடையாது. "அவள் ஜாதகத்தில் என்ன தோஷமோ" என்று பெண்சாதியைத்தான் பிடித்துக் கொள்ளுகிறார்கள். பூவைப் பிடுங்கி, பொட்டை அழித்து, வளையலை உடைத்து மூலையில் உட்கார வைக்கிறார்கள். ஆனால் பெண்சாதி செத்த புருஷனை ராசியில்லாதவன் என்று எவராவது சொல்லக் கேட்டதுண்டா? அவனுக்கு மறு மாதமே பெண் பார்க்கப் புறப்படவில்லையா?

ஊரார் சுமத்தும் பழியைவிட அவள் தானே சுமந்து கொள்ளும் பழி கொடியது. "நான் தூங்காதிருந்தால் பிழைத்திருப்பாரே, அன்று சண்டை போடாதிருந்தால் போயிருக்க மாட்டாரே" என்று உருகுகிறாள். அம்மா! இதய இரத்தக் குழாய் அடைப்பு ஒரே இரவில் உண்டாவதல்ல. புகையும், இரத்தக் கொதிப்பும், சர்க்கரை வியாதியும் பல வருஷங்களாய்ச் செய்த வேலை அது. உன் தூக்கமும் குற்றமல்ல, உன் ஜாதகமும் காரணமல்ல.

நமது ஆதிச்சநல்லூர்ப் பரம்பைப் பாருங்கள். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் அங்கே தோண்டியபோது, தாழிகளில் எலும்புகளோடு இரும்புக் கருவிகளும், பாத்திரங்களும், தானிய உமியும் கிடைத்தன. செத்தவன் சாப்பிடுவான் என்று வைத்தது அறியாமைதான். ஆனால் அப்படி வைக்கச் செய்த துக்கம் மனித சுபாவம். அழுவதைப் பகுத்தறிவு தடுக்காது. அழுகிறவளைக் குற்றவாளியாக்குவதைத்தான் கூடாதென்கிறது.

சரி, உண்மையிலேயே நாம் குறை செய்திருந்தால் என் செய்வது? 1933-ஆம் வருஷம் மே 11-ந் தேதி நாகம்மையார் காலமானார். பெரியார் 'குடி அரசி'ல் எழுதிய இரங்கலில், ஊருக்குப் போதித்த பெண் சுதந்திரத்தைத் தம் மனைவி விஷயத்தில் தாம் சரிவர நடத்தவில்லையென்று பகிரங்கமாய் ஒப்புக்கொண்டார். பிராயச்சித்தமென்று பார்ப்பானுக்குத் தானம் கொடுக்கவில்லை, திதியும் செய்யவில்லை. தொடர்ந்து பெண்கள் விடுதலைக்கே உழைத்தார். செத்தவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. இருப்பவரிடம் ஒழுங்காய் நடக்க வழியுண்டு. நம் குற்ற உணர்ச்சியால் உண்டாகக் கூடிய நன்மை இது ஒன்றே.

ஆகவே தோழர்களே, புருஷனை இழந்தவளிடம் தலைவிதியைப் பற்றிப் பேசாதீர்கள். அவள் பேசுவதைக் கேளுங்கள். பூ வைக்கவும், கலியாண வீட்டில் முன்னால் நிற்கவும் விடுங்கள். சொத்தில் அவளுக்குச் சட்டப்படியுள்ள பங்கை மறைக்காதீர்கள். மறுமணம் வேண்டுமென்றால் குறுக்கே நிற்காதீர்கள். 1929-லேயே செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு விதவா விவாகத்தை ஆதரித்துத் தீர்மானித்து விட்டது. வாரக்கணக்கில் தூக்கமின்றி, செத்தால் தேவலை என்று அவள் சொன்னால் மந்திரவாதியிடமல்ல, டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இனி ஒருவருக்கு மார்வலியும் வேர்வையும் கண்டால் திருநீறு தேடி ஓடாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். அதுவே, போனவருக்கு நாம் செய்யக் கூடிய உண்மையான திதியாகும்.