ஆறு சக்கரமா, ஏழா?

1/35 அளவு பிளாஸ்டிக் டாங்க் கிட்டை ஒட்டி முடிச்சா, "இந்த போல்ட் 1 செ.மீ. தள்ளி இருக்கணும்டா"னு சொல்ல ஒருத்தன் வருவான். நிஜத்தில் 1 செ.மீ. என்றால் மாடலில் 0.3 மி.மீ. கூட வராது. அதுக்காக ஒட்டினதைப் பிரிக்கணுமா? வெர்னியர் காலிப்பர் லேபிலேயே இருக்கட்டும். அங்க பட்டதே போதும்.

ஆனா, நம்ம திருவேற்காட்டுக்குப் பக்கத்துல ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான அஜேயா, அடிப்படையில் சோவியத் டி-72. அதுக்கு ஒரு பக்கம் 6 சக்கரம். அதே ஆவடியில் உருவான அர்ஜுனுக்கு 7. டி-72 கிட்டில் அர்ஜுன்னு எழுதி வைக்கிறது ஜாலி இல்ல, சோம்பேறித்தனம். போட்டோவைப் பார்த்து சக்கரம் எண்ணுறதுலயே பாதி சுகம் இருக்கு.

பெயின்ட் ஷேடுக்கு மட்டும் சண்டை வேண்டாம். வெயில்ல நிஜ டாங்கே ஒரே கலர்ல நிக்காது.