மனசுக்குப் படுகிறது!

ராஜபாளையத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்தில், மலை அடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். "நீர் காத்த அய்யனார்" என்று ஜனங்கள் கும்பிடுகிறார்கள். கோவிலை ஒட்டி ஆறு ஓடுகிறது.

இந்த ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. கோவில் பக்கம் ஒரு சொட்டு மழை இராது. வெயில்கூட அடிக்கும். ஆனால் மலைக்கு மேலே மழை கொட்டி இருக்கும். திடீர் என்று வெள்ளம் இறங்கிவிடும்! அக்கரைக்குப் போனவர்கள் திரும்பி வர முடியாமல் தவிக்க நேரும். இதனால்தான், மழைக் காலத்தில் அங்கே போகக்கூடாது என்று வனத்துறையினர் தடை போடுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஆற்றில் ஒரு குடும்பம் குளிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கரையில் இருக்கும் பாட்டி தண்ணீரையே பார்க்கிறாள். பிறகு, "என்னவோ, மனசுக்குச் சரியாப் படலை. எல்லாரும் கரை ஏறுங்க!" என்கிறாள்.

பாட்டி வெள்ளத்தைப் பார்க்கவில்லை. யாரும் வந்து சொல்லவும் இல்லை. அவள் மனசுக்குப் பட்டது. அவ்வளவுதான்.

இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? கான்வென்ட் பள்ளியில் படிக்கும் பேரனைக் கேட்டால் திணறிப் போவான். "மனசு" என்பதற்கு அவனுக்கு வார்த்தை தெரியும். "படுதல்" என்பதற்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் போட்டால், இங்கிலீஷ்காரர் விழிப்பார்!

வயிறு பேசும்!

வெள்ளைக்காரருக்கு உள்ளுணர்வு இல்லையா? உண்டு. அதை அவர் சொல்லும் வழிதான் வேறு.

"ஐ ஹாவ் எ பீலிங்" என்பார். "எனக்குள் ஓர் உணர்ச்சி இருக்கிறது" என்று அர்த்தம். "கட் பீலிங்" என்பார். "கட்" என்றால் குடல். "இதை என் எலும்பில் உணர்கிறேன்" என்பதும் அவர் பேச்சில் உண்டு. எங்கோ சூது நடக்கிறது என்று சந்தேகப்பட்டால், "எலி நாற்றம் அடிக்கிறது" என்று சொல்வார்!

"ஹன்ச்" என்று ஒரு வார்த்தை. காரணம் தெரியாமல் மனதில் எழும் ஊகத்துக்கு அது பெயர். ஆனால் அதன் பழைய பொருள் "கூன்". கூன் முதுகைத் தொட்டால் அதிர்ஷ்டம் வரும் என்று அந்தக் காலச் சூதாடிகள் நம்பினார்களாம். அதில் இருந்து இந்தப் பொருள் வந்தது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இது பரவியது.

தமிழர் மட்டும் சளைத்தவர்களா? பயம் வந்தால் "வயிற்றில் புளியைக் கரைக்கிறது". நடக்கப் போவதை "பட்சி சொல்கிறது". லாபம் இருக்கும் இடத்துக்குச் சரியாக வந்து சேருகிறவனைப் பார்த்தால், "கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி வந்துவிட்டான்" என்கிறார்கள்.

பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள் ஆண்டாள். "கூடல் இழைத்தல்" பற்றி அவள் பத்துப் பாட்டுப் பாடி இருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் போட வேண்டும். கோட்டின் இரண்டு முனையும் கூடினால் நினைத்தது நடக்கும். மனதில் இருப்பதை மணலைக் கேட்டுத் தெரிந்து கொள்ளும் வழி இது! நாச்சியார் திருமொழியில் இது இருக்கிறது.

ஆகவே, குடலும் எலும்பும் அங்கே பேசுகின்றன. பட்சியும் பல்லியும் இங்கே பேசுகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்றினால் சிரிப்புத்தான் வரும். "எனக்கு ஒரு குடல் உணர்ச்சி" என்று தமிழில் சொன்னால், வீட்டில் உள்ளவர்கள் வைத்தியரைக் கூப்பிடுவார்கள்!

முன்னால் நிற்பது யார்?

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும்.

"ஐ திங்க்", "ஐ பீல்", "ஐ கெஸ்" என்று "நான்" என்பதை முன்னால் நிறுத்துகிறது இங்கிலீஷ். நினைப்பவன் நான். அந்த நினைப்புக்குப் பொறுப்பும் நான். அது தப்பாகவும் இருக்கலாம் என்ற அடக்கமும் அதில் இருக்கிறது.

தமிழில் "எனக்குத் தோன்றுகிறது" என்கிறோம். எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது என்பது போலத்தான் இதுவும். எண்ணம் தானாக வருகிறது. மனிதன் அதை வாங்கிக் கொள்கிறான். இங்கிலீஷிலும் "இட் சீம்ஸ் டு மீ" என்று கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் "ஐ" தான் அதிகம்.

இதில் உயர்வு தாழ்வு இல்லை. இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை, இங்கிலீஷ்காரர் சொல்லும் விதத்தையே படிக்க வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மாற்றக்கூடாது.

நாமும் நாங்களும்

ஒருவர் மனதில் தோன்றுவது இருக்கட்டும். பல பேர் சேர்ந்து உணர்வதை எப்படிச் சொல்வது?

இங்கிலீஷில் "வீ" என்ற ஒரே வார்த்தைதான். "வீ ஆர் ஒர்ரீட்" என்று ஒருவர் சொன்னால், கவலைப்படுகிறவர்களில் கேட்பவரும் சேர்த்தியா, இல்லையா? சொல்லைக் கொண்டு தெரியாது. இடம் பார்த்துத்தான் புரிந்து கொள்ள வேண்டும்.

தமிழில் அந்தக் குழப்பமே கிடையாது. "நாங்கள்" என்றால் நீ வெளியே. "நாம்" என்றால் நீயும் உள்ளே! ராஜபாளையத்தில் பல வீடுகளில் பேசும் தெலுங்கிலும் "மேமு", "மனமு" என்று இதே இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. ஆற்றங்கரையில் பாட்டி, "நாம போயிருவோம்" என்று சொன்னால், பக்கத்தில் குளிக்கும் வேற்று ஊர்க்காரருக்கும் அதில் இடம் உண்டு.

ஆனால் இங்கிலீஷ் இந்தக் குறையை வேறு வழியில் ஈடு செய்திருக்கிறது. "சிம்பதி" என்பது கிரேக்க மொழியில் இருந்து வந்தது. "கூடி உணர்தல்" என்பது அதன் மூலப் பொருள். "கன்சென்சஸ்" லத்தீனில் இருந்து வந்தது. அதற்கும் அதே பொருள்தான். "யுனானிமஸ்" என்ற வார்த்தையைப் பிரித்துப் பார்த்தால் "ஒரு மனம்" என்று வரும். பஞ்சாயத்தில் "ஒருமனதாகத் தீர்மானம்" என்கிறார்களே, அப்படியே அதுதான்!

ஓர் எழுத்து அல்ல, ஓர் உயிர்!

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று தமிழில் இருக்கிறது. அது சொல்லின் வாலில் இருக்கிறது.

"வெள்ளம் வருகிறது" - இது கண்ணால் கண்டது.

"வெள்ளம் வரும் போலிருக்கிறது" - இது மனசுக்குப் பட்டது.

"வெள்ளம் வருகிறதாம்" - இது காதில் விழுந்தது.

கடைசியில் ஒட்டிய அந்த "ஆம்" எவ்வளவு பெரிய வேலை செய்கிறது, பாருங்கள்! "நான் பார்க்கவில்லை, பிறர் சொன்னார்கள்" என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டியதை, அது ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. இங்கிலீஷில் இதற்கு "தே சே" என்றோ, "ஐ ஹியர்" என்றோ தனியாகச் சேர்க்க வேண்டும்.

அந்த "ஆம்" உதிர்ந்து போனால் என்ன ஆகும்?

2018-ம் ஆண்டில் "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று தமிழ்நாட்டில் செல்போன் மூலம் வதந்தி பரவியது. "வந்திருக்கிறார்களாம்" என்று இல்லை. "வந்திருக்கிறார்கள்" என்றே பரவியது. அந்த ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஒரு கோவிலுக்குச் சென்னையில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. அதில் ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஒரு கூட்டம் அடித்தது. அந்த மூதாட்டி இறந்து போனார்!

அடித்தவர்களுக்கும் "மனசுக்குப் பட்டது" தான். கூட்டத்தில் எல்லாரும் ஒரே மாதிரி உணர்ந்தார்கள். ஆனால் அது தப்பாக இருந்தது.

எதை நம்புவது?

அப்படியானால் உள்ளுணர்வை நம்பலாமா, கூடாதா?

ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் இதை ஆராய்ந்தார். பொருளாதாரத்துக்காக 1978-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். உள்ளுணர்வு என்பது மந்திரம் அல்ல என்றார். முன்பு பல தடவை பார்த்துப் பழகியதை மனம் சட்டென்று அடையாளம் கண்டு கொள்கிறது. காரணம் பிறகுதான் தெரிகிறது என்பது அவருடைய கருத்து.

ஆற்றங்கரைப் பாட்டிக்கு நடந்ததும் அதுதான். தெளிந்த தண்ணீர் கலங்குகிறது. சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றன. மேலே எங்கோ இரைச்சல் கேட்கிறது. அவள் இவற்றைத் தனித்தனியாக எண்ணவில்லை. எத்தனையோ வருடம் ஆற்றைப் பார்த்த அவள் மனம் கணக்குப் போட்டுவிட்டது. அவள் சொன்னால் காரணம் கேட்காமல் கரை ஏற வேண்டும். பொய்யாகப் போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. குளியல் போனது, அவ்வளவுதான்.

கூட்டத்தின் உணர்ச்சி அப்படியா? முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி, யாரோ அனுப்பிய செய்தியை வைத்துக்கொண்டு வந்த பயம் அது. பார்த்துப் பழகிய பழக்கம் அதில் எங்கே இருக்கிறது? அது பொய்யாகப் போனால், போன உயிர் திரும்பாது.

ஆகவே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுங்கள். "ஐ திங்க்" என்று சொல்லும் அடக்கத்தையும் அதோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். தமிழில் பேசும்போது கண்டதைக் கண்டதாகவும், பட்டதைப் பட்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லப் பழக்குங்கள். அடுத்த வீட்டுச் செய்தியைச் சொல்லும்போதும், செல்போனில் வந்ததைப் படித்துக் காட்டும்போதும், கடைசியில் ஓர் "ஆம்" போடச் சொல்லுங்கள்.

அதற்குக் காசு செலவு இல்லை. ஒரு மனிதரின் உயிரே அதனால் தப்பலாம்!