பெயர் மட்டும் நமதாக இருந்தால் போதாது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு சிறு தொழிற்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் முதலாளி வெள்ளையர். ஆண்டு விற்பனை 90 இலட்சம் ரேண்ட் இருந்தவரை, அந்நாட்டின் கருப்பர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்துக்காக அவர் பெரிதாகச் செலவு செய்யவில்லை. பொதுவிதிப்படி ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும். நான்காம் நிலைத் தகுதி கிடைத்துவிடும். தொழில் வளர்ந்து விற்பனை 1 கோடி ரேண்டைத் தாண்டிய ஆண்டில்தான் சிக்கல் வருகிறது. இனி அவர் ஐந்து இனங்களில் மதிப்பெண் எடுக்க வேண்டும். உரிமை யாரிடம், நிர்வாகத்தில் யார், யாருக்குப் பயிற்சி, யாரிடம் கொள்முதல், சமூகத்துக்கு என்ன செலவு என்பவை அவை.

மதிப்பெண் குறைந்தால் யாரும் கடைக்குப் பூட்டுப் போட மாட்டார்கள். ஆனால், அவரிடம் சரக்கு வாங்கும் பெரிய நிறுவனத்தின் மதிப்பெண்ணும் சேர்ந்து குறையும். அது வேறு ஆளைத் தேடிப் போகும். அரசு ஒப்பந்தமும் எட்டாக்கனியாகும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலம் இதில்தான் இருக்கிறது. நல்ல மனதை அது நம்பவில்லை. கொள்முதல் சங்கிலியை நம்பியது.

செலவு எவ்வளவு ஆகும்? ஆண்டுச் சம்பளப் பட்டியல் 40 இலட்சம் ரேண்ட் என்றால், அதில் 3 விழுக்காடு, அதாவது 1,20,000 ரேண்ட், கருப்பினத்தவரின் பயிற்சிக்கு இலக்கு. வரிபோக இலாபம் 10 இலட்சம் என்றால் சிறு தொழில் வளர்ச்சி, சரக்கு வழங்குவோர் வளர்ச்சி, சமூகப் பணி ஆகிய மூன்றுக்கும் தலா 1 விழுக்காடு. அது மொத்தம் 30,000 ரேண்ட். பெருந்தொகை பயிற்சிக்குத்தான் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பணத்தை இரண்டு விதமாகச் செலவிடலாம். நிதியாண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது விழித்துக்கொண்டு, எவனோ ஒரு தரகரிடம் இரண்டு நாள் வகுப்பை விலைக்கு வாங்கி, சான்றிதழைக் கோப்பில் வைப்பது ஒரு விதம். பட்டறையில் கூட்டிப் பெருக்கும் இளைஞரை ஆண்டுத் தொடக்கத்திலேயே பற்றவைப்பு வேலையில் பயிற்சிக்குச் சேர்த்து, ஆண்டு முடிவில் அவரைத் தொழில்காரராக்குவது இன்னொரு விதம். கணக்கில் இரண்டும் ஒரே செலவு. முன்னதில் பணம் மட்டும் போகிறது. பின்னதில் முதலாளிக்குத் தொழில் தெரிந்த கை ஒன்று கூடுகிறது, அந்தக் குடும்பத்துக்குக் கூலி உயர்கிறது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அதுதான் மோசடி. தோட்டக்காரரையும் ஓட்டுநரையும் காகிதத்தில் பங்குதாரராக்கிவிட்டு, இலாபத்தை முதலாளியே எடுத்துக்கொள்வது. இது பெருகியதால் 2013இல் சட்டத்தைத் திருத்தி, பினாமி வேலைக்குப் பத்தாண்டு வரை சிறை, நிறுவனத்துக்கு ஆண்டு விற்பனையில் 10 விழுக்காடு வரை அபராதம் என்று வைத்தார்கள். சட்டத்தின் பலன் அரசியல் செல்வாக்குள்ள சிலருக்கே போய்ச் சேர்ந்தது என்ற விமர்சனம் அங்கே இன்னும் ஓயவில்லை. அதை மறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் உண்டு. அந்தச் சட்டத்தில் 'கருப்பர்' என்ற சொல்லுக்குள் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அடக்கம். ஆகவே அங்குள்ள நம் உறவுகளும் அதன் பயனாளிகளே.

இங்கே நம் நிலை என்ன? மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்கிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் திருச்சி பெல் ஆலையும் இதற்குள் வருபவைதாம். சிறுதொழில்களுக்கான மொத்தப் பங்கு 20இலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தபோதும் நம் பங்கு 4இலேயே நின்றது. அந்த 4க்கும் ஓட்டை உண்டு. நம்மவர்கள் ஒப்பந்தப்புள்ளியில் கலந்துகொள்ளவில்லை, விலை ஒத்துவரவில்லை என்றால், அந்தப் பங்கைப் பிற சிறுதொழில்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று ஆணையே சொல்கிறது. ஏன் கலந்துகொள்ளவில்லை, அவர்களை வளர்க்க என்ன செலவு செய்தாய் என்ற கேள்வியே இல்லை. தனியார் நிறுவனங்களுக்கோ இந்த 4 விழுக்காடுகூட இல்லை. இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடும் பெருநிறுவனம், யாரிடம் சரக்கு வாங்குகிறது என்று சொல்லத் தேவையில்லை.

பினாமி வேலைக்கு நாம் டர்பன்வரை போக வேண்டாம். ஒப்பந்தப் பதிவு சேரிக்காரர் பெயரில், காசோலைப் புத்தகம் ஊர்க்காரர் வீட்டு அலமாரியில் என்பதை நம் கிராமங்களிலேயே பார்த்திருக்கிறோம். கையெழுத்துக்குக் கூலியாகச் சில ஆயிரம் கிடைக்கும். வரி பாக்கி நோட்டீஸ் மட்டும் ஒழுங்காக நம் வாசலுக்கு வந்துவிடும்.

நாம் கேட்பது இதுதான். 4 விழுக்காட்டை நிரப்பாத நிறுவனம் காரணத்தை வெளியிட வேண்டும். நிரப்பாத தொகையில் ஒரு பகுதியை நம் இளைஞர்களின் தொழிற்பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். பினாமியாகப் பெயரை வாங்கியவர் மீது வழக்கு வேண்டும். பெயர் கொடுத்த ஏழை மீது மட்டும் அல்ல.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. தொழில் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகள் உதயம் பதிவில் சமூகப் பிரிவைக் குறிப்பிடத் தயங்கக் கூடாது. அதை மறைத்தால் இந்தப் பங்கு நமக்கு வராது. பதிவு பெற்ற சிறுதொழிலுக்கு முன்வைப்புத் தொகை விலக்கு உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். அருகிலுள்ள மத்திய நிறுவனம் சென்ற ஆண்டு நம்மவர்களிடம் எவ்வளவுக்கு வாங்கியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்ச் செலவு. அந்தப் பதிலை ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள்.