ஆறு மணி நேரத்தில் ஓர் ஊர்

பள்ளி விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் நாம் கொடுக்கும் முதல் கட்டுரைத் தலைப்பு எதுவென்று ஆசிரியர்கள் அறிவர்: 'நான் சென்ற சுற்றுலா'. அதிகாலையில் எழுந்தோம், மகிழுந்தில் புறப்பட்டோம், படம் பிடித்தோம், மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம் என்று 30 ஏடுகளிலும் ஒரே கட்டுரைதான் வரும். அவற்றைத் திருத்திச் சலித்தவள் நான். ஆயினும், 2025 செப்டம்பர் விடுமுறையில் நானே அத்தகைய கட்டுரை ஒன்றை வாழ்ந்துவிட்டு வந்தேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

கணவர் பணி ஓய்வு பெற்றதையொட்டி, நெடுநாள் சேமித்த பணத்தில் கிரேக்கத் தீவுகளுக்கு உல்லாசக் கப்பலில் சென்றோம். மூன்றாம் நாள் காலையில் சந்தோரினித் தீவு கண்ணுக்குத் தெரிந்தது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த எரிமலைப் பெருவெடிப்பில் உருமாறிய தீவு அது. பிறை வடிவில் நிற்கும் அத்தீவின் உட்புறம் முழுவதும் செங்குத்துப் பாறை. பாறையின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், ஃபிரா என்னும் தலைநகர் வெண்ணிறமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய கப்பல்கள் அங்குக் கரையணைய இயலாது. சிறு படகுகளில் இறங்கிப் பழைய துறையை அடைய வேண்டும். அங்கிருந்து மேலேற மூன்று வழிகள்: கம்பிவட ஊர்தி, 500-க்கும் மேற்பட்ட படிகள், அல்லது கழுதையின் முதுகு. கழுதைகள் படும் பாட்டைக் கண்டு, 100 கிலோவுக்கு மேல் அவற்றின்மீது ஏற்றக்கூடாதென்று 2018-இல் கிரேக்க அரசு விதி வகுத்தது. நாங்கள் ஊர்திக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம்.

கப்பல் எங்களுக்கு அளித்திருந்த நேரம் ஆறு மணி. ஏறவும் இறங்கவும் வரிசையில் நின்ற நேரம் போக எஞ்சியதில் நாங்கள் செய்தது படம் பிடித்ததுதான். குறுகிய சந்தொன்றில், நீலக் கதவின் முன் கணவரை நிறுத்திக் கைப்பேசியை உயர்த்தினேன். ஒரு படம், இன்னொரு படம், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்றொரு படம். திரும்பிப் பார்த்தபோது, முதுகில் பள்ளிப் பையுடன் ஒரு சிறுவன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். என் மாணவர்களின் வயதுதான் இருக்கும். அவன் முகம் சுளிக்கவில்லை. பழகிப்போனவன்போல் காத்திருந்து, நாங்கள் நகர்ந்ததும் அந்த நீலக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே சென்றான். அது அவன் வீடு!

அன்றிரவு கப்பலில் எனக்கு உறக்கம் வரவில்லை. பின்னர்ப் படித்தறிந்த செய்திகள் அந்த உறுத்தலை மேலும் வளர்த்தன. சுமார் 15,500 பேர் வாழும் தீவு அது. 2024 சூலையில், 10,000-க்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் ஒரே நாளில் இறங்கவிருந்தபோது, உள்ளூர் மக்கள் தங்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு இணையத்தில் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. கண்டனம் எழுந்த பின்னரே அது நீக்கப்பட்டது. சொந்த ஊரில் வெளியே வராதீர்கள் என்று சொல்வது எத்தகைய நிலை! பாறையைக் குடைந்து கட்டிய குகை வீடுகள் ஒரு காலத்தில் ஏழைகளின் இருப்பிடங்கள். இன்று அவற்றுள் பல சொகுசு விடுதிகள். வீடுகள் விடுதிகளாக மாறிவிட்டமையால், தீவுக்குப் பணி மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் வாடகைக்கு வீடு கிடைக்காமல் திண்டாடுவதாகப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வருகின்றன. சபா, சரவாக் உட்பகுதிகளில் பணியாற்றிய நம் ஆசிரியர்களுக்கு இந்தத் திண்டாட்டத்தை விளக்க வேண்டியதில்லை. அச்சிறுவனின் ஆசிரியர் அன்று எங்கே தங்கியிருந்தாரோ?

அப்படியானால் எவரும் அங்கே போகக்கூடாதா? அவ்வாறு நான் கூறவில்லை. 1956-இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் பலர் ஊரைவிட்டே வெளியேறினர். அத்தீவை மீண்டும் எழச் செய்தது சுற்றுலாதான். வருவோரைத் தடுப்பதை விட முறைப்படுத்துவதே நல்லது. 2025 சூலை முதல் உச்சப் பருவத்தில் கப்பல் பயணி ஒவ்வொருவரிடமும் 20 யூரோ, அதாவது ஏறத்தாழ 100 ரிங்கிட், வசூலிக்கப்படுகிறது. உடன் வந்தவர்கள் சிலர் முணுமுணுத்தனர். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஒருவர் வீட்டு வாசலை நாம் பயன்படுத்திக்கொள்கிறோம் அல்லவா?

இது கிரேக்க நாட்டுக் கதை மட்டுமன்று. பினாங்கின் ஜார்ஜ்டவுன் 2008-இல் உலக மரபுடைமை நகரமானது. அங்கு ஆர்மீனியன் தெருவில் 2012-இல் வரையப்பட்ட மிதிவண்டிச் சிறுவர் ஓவியத்தின் முன் மாணவர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுக்காத கல்விச் சுற்றுலா உண்டா? அத்தெருவில் வாழ்வோரிடம் ஒரு வணக்கமாவது சொல்லும்படி நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்தோமா? நாம் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பே 'நான்' என்றுதான் தொடங்குகிறது. பிள்ளைகளை மட்டும் குறை கூறி என்ன பயன்?

ஆகவே, இம்முறை என் ஆண்டு 5 மாணவர்களுக்குத் தலைப்பை மாற்றிக் கொடுத்தேன்: 'நான் சென்ற ஊரில் வாழும் ஒருவர்'. போர்ட்டிக்சன் சென்று வந்த மாணவி ஒருத்தி, கடற்கரையில் இளநீர் விற்கும் பாட்டி மழைநாளில் என்ன செய்வார் என்று தாம் கேட்டதையும், மழை பெய்தால் அன்று அடுப்பு எரியாது என்று அவர் சொன்னதையும் எழுதியிருந்தாள். ஒற்றுப்பிழைகள் நிறைய இருந்தன. இருந்தாலும் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன்.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை எங்கு அழைத்துச் சென்றாலும், திரும்பும் வழியில் "எத்தனை படம் எடுத்தாய்?" என்று கேட்காதீர்கள். "யாரைப் பார்த்தாய்?" என்று கேளுங்கள். அந்த நீலக் கதவின் முன் எடுத்த மூன்று படங்களும் இன்னும் என் கைப்பேசியில் உள்ளன. மூன்றாவது படத்தின் ஓரத்தில் ஒரு பள்ளிப் பையின் வார் தெரிகிறது.