போலீஸ் நிரப்பிய படிவங்கள்

சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் டேவிட் ஃபிளாய்ட். கதவு பூட்டிக்கொண்டதால் வெளியே தவித்த கீழ்த்தளக் குடித்தனக்காரருக்கு உதவி. 2008 பிப்ரவரி, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. போலீஸ் வந்தது, திருட்டு முயற்சி என்று சந்தேகித்துச் சோதனை போட்டது. ஃபிளாய்ட் கறுப்பர். அதே ஆண்டு நியூயார்க் நகருக்கு எதிராகத் தொடரப்பட்ட கூட்டு வழக்கின் மனுவில் இந்தச் சம்பவமும் இடம்பெற்றது.

ஆனால் சம்பவம் மட்டும் போதாது. போலீஸ்காரர் ஒருவர் தவறு செய்தார் என்பதற்காக நகர நிர்வாகம் பொறுப்பாகிவிடாது. அது நிர்வாகத்தின் கொள்கை அல்லது வழக்கம் என்று காட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இனப் பாகுபாடு என்றால் அது தெரிந்தே செய்யப்பட்டது என்றும் நிரூபிக்க வேண்டும். 'கறுப்பர் என்பதால் நிறுத்தினேன்' என்று எந்தப் போலீஸ்காரர் எழுதிக் கொடுப்பார்?

போலீஸின் படிவங்களே கைகொடுத்தன. ஒருவரைத் தெருவில் நிறுத்தினால் இடம், நேரம், இனம், காரணம் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். காரணத்துக்குக் கட்டத்தில் குறியிட்டால் போதும்: 'சந்தேகத்துக்குரிய அசைவுகள்', 'குற்றம் மிகுந்த பகுதி'. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 லட்சம் தடவை இப்படி நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். உடலைத் தடவிச் சோதித்ததில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதம் மட்டுமே. நிறுத்தப்பட்ட கறுப்பர்களில் 1 சதவீதத்தினரிடம் ஆயுதம் சிக்கியது, வெள்ளையர்களில் 1.4 சதவீதத்தினரிடம்.

குற்றவாளிகள் என்று அடையாளம் காட்டப்படுவோரில் கறுப்பர்களே அதிகம், அதற்கேற்பவே நிறுத்துகிறோம் என்று வாதிட்டது நகரத் தரப்பு. நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் ஏற்கவில்லை. நிறுத்தப்பட்டவர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் மீது கைதோ சம்மனோ இல்லை. குற்றமற்றவர்களைக் குற்றவாளிகளின் கணக்கோடு ஒப்பிடுவது எப்படிச் சரி? 2013 ஆகஸ்ட் 12 அன்று, அரசியல் சட்டம் மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து, சீர்திருத்தத்தைக் கவனிக்கக் கண்காணிப்பாளரையும் நியமித்தார் அவர்.

அடுத்து வந்த மேயர் 2014இல் மேல்முறையீட்டைக் கைவிட முடிவெடுத்தார். 2011இல் சுமார் 6.85 லட்சமாக இருந்த நிறுத்தல்கள் தீர்ப்புக்கு முன்பே குறையத் தொடங்கி, 2015இல் சுமார் 22,500 ஆயின. அதாவது, போலீஸ் பதிவு செய்த நிறுத்தல்கள். படிவம் நிரப்பாமல் நிறுத்தினால் அது எந்தக் கணக்கிலும் வராது. இந்த வழக்குக்கு உயிர் கொடுத்ததே அந்தக் கணக்குதான்.