கூட யாரு இருக்கா?

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பட்டறைகளில் ஹிந்தியும் ஒடியாவும் இப்போது சகஜம். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் குடும்பத்தோடு தங்கி முட்டை பொறுக்குகிறார்கள். "வடக்கன்ஸ்" என்று கிண்டல் செய்வதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. அவர்களில் ஒருவர் படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்று யோசித்திருக்கிறோமா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் இங்கே வந்தது. பீகார் கார்டு வைத்திருப்பவர் ராசிபுரத்து ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் மத்திய அரசின் தானியம் கிடைக்கும், 2023 முதல் இலவசமாகவே. (நம் கார்டுக்குத் தரும் துவரம்பருப்பும் பாமாயிலும் அவர்களுக்குக் கிடையாது.) அரசு ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் உண்டு.

சிக்கலே அதற்கு அப்புறம்தான். பெல்ட்டில் கை மாட்டி வந்தவருக்குக் கட்டில் கிடைத்ததும் கேட்கும் கேள்வி, "கூட யாரு இருக்கா?" ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, மருந்து வாங்கி வர, சோறு ஊட்ட, பாத்ரூம் கூட்டிப்போக... நம் ஆஸ்பத்திரிகள் சொந்தக்காரர்களை நம்பித்தான் ஓடுகின்றன. ரூமில் கூடத் தங்கியிருப்பவன் ஒருநாள் வருவான். மறுநாளும் ஷிப்டுக்குப் போகாவிட்டால் அவன் கூலி போச்சு. டிஸ்சார்ஜ் ஆனபின் தகரக் கொட்டகையில்? அங்கேயும் யாருமில்லை.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது கட்டாயம். வீட்டை ஒட்டிய நாலு தறிப் பட்டறைக்கு? மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியா முழுக்கச் செல்லும், மாத உதவித்தொகையை மட்டும் அந்தந்த மாநிலம் தன் ஆட்களுக்குத்தான் தரும். ஆகக் கடைசியில் நம்மிடம் இருக்கும் ஒரே மறுவாழ்வுத் திட்டம், சேலம் ஜங்ஷனில் தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிடுவது! (பி.காம். புத்தி போகாது: தறிக்குத் தேய்மானம் எழுதுகிறோம், தறி ஓட்டியவருக்கு எந்தக் கணக்கில் எழுதுவது?)

"நம்ம சனத்துக்கே பத்தல, அவனுக்கு அவன் ஊர் அரசாங்கம் பார்க்கட்டும்டா" என்கிறான் என் பெஞ்ச் நண்பன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எந்தெந்த மாநிலத்துக்கோ போய் போர் போடுகின்றன. நாமக்கல் லாரி போகாத ஊர் எது? அங்கே நம் டிரைவர் கால் உடைந்து கிடந்தால் இதே பதிலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்போமா?

பணத்துக்கு எங்கே போவது என்றால், வழி ஏற்கெனவே இருக்கிறது. கட்டடம் கட்டுபவரிடம் 1% செஸ் வாங்கித்தான் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் நடக்கிறது, அதில் வெளிமாநிலத்தவரும் சேரலாம். அதே மாதிரி பண்ணைக்கும் தறிக்கும் ஏன் கூடாது? முட்டைக்கு ஒரு பைசா எடுத்தால் கோடி முட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய். நாமக்கல்லில் தினமும் சில கோடி முட்டை உற்பத்தி ஆகிறது. நாமக்கல்லிலும் சேலத்திலும் அரசு ஆஸ்பத்திரியில் ஹிந்தியும் ஒடியாவும் தெரிந்த துணையாட்கள், டிஸ்சார்ஜ் ஆனவர் ஒரு மாதம் படுத்துத் தேற ஒரு விடுதி. முதலில் இந்த இரண்டை ஆரம்பிக்க இந்தப் பணம் தாராளமாகப் போதும்.