எண்ணெய்க்கு ஜுரம் கண்டால்

மோட்டார் வண்டி என்றால் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் கேளாமல் ஓடின பந்தய ஜாதி வண்டி ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்துப் போர்ஷே கம்பெனியார் 1963-ம் வருஷம் பிராங்பர்ட் கண்காட்சியில் வைத்த வண்டி அது. முதலில் அதற்கு 901 என்று பெயர். நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர் எங்களுக்கே பாத்தியம் என்று பிரெஞ்சு தேசத்துப் பூஜோ கம்பெனியார் ஆட்சேபிக்கவே, 911 ஆயிற்று. காற்றினால் குளிரும் யந்திரத்துடன் 1998 வரையில் அது உற்பத்தியாகி வந்தது. இன்றும் அவ்வண்டிகளைப் பிள்ளை போல் போற்றுகிறவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய நிம்மதியைக் கெடுப்பது எண்ணெயின் உஷ்ணத்தைக் காட்டும் சிறு முள் ஒன்றுதான்.

காற்றினால் குளிர்வது என்பதே பாதி உண்மை. பின்புறத்து விசிறி சிலிண்டர்களின் மேல் காற்றை வாரி இறைக்கிறது. மீதி உஷ்ணத்தைச் சுமந்து செல்வது எண்ணெய். சாதாரண வண்டிக்கு நாலைந்து லிட்டர் எண்ணெய் போதும். இதற்கோ ஒன்பது பத்து லிட்டர் வேண்டும். அதை வைக்கத் தனித் தொட்டியும் வேண்டும். 1972-ம் வருஷத்து மாதிரியில் இத்தொட்டியின் வாயை வண்டியின் வெளிப்புறத்திலேயே வைத்தார்கள். பெட்ரோல் கடைச் சிப்பந்திகள் அதிலே பெட்ரோலை ஊற்றிவிட்டார்கள்! மறு வருஷமே மாற்றவேண்டியதாயிற்று.

சரி, எவ்வளவு உஷ்ணம் இருக்கலாம்? 80 முதல் 105 டிகிரி சென்டிகிரேட் வரையில் பூரண ஆரோக்கியம். கோடையில் மலை ஏறும்போது 110, 115 காட்டினால் பதற வேண்டியதில்லை. 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் வேகத்தைக் குறைத்துக் காரணம் தேட வேண்டும். 130-க்கு மேல் ஓட்டுவது யந்திரத்தின் ஆயுளோடு விளையாடுவதாகும். அப்பளம் பொரிக்கும் எண்ணெய் இதைவிட அதிகமாகக் காய்கிறதே என்று வீட்டிலுள்ளோர் கேட்கலாம். வாணலி எண்ணெய் பாரம் எதையும் தாங்குவதில்லை. இங்கே சுழலும் தண்டுக்கும் பேரிங்கிற்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று முழுப் பாரத்தையும் தாங்குவது எண்ணெயே. சூடு ஏற ஏற அது நீர்த்துப்போகிறது. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தை அரைக்கும். தவிர, பத்து டிகிரி ஏறினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. ஆகவே அழுத்தத்தைக் காட்டும் முள்ளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சூடான நிலையில் நிமிஷத்திற்கு ஆயிரம் சுற்றுக்கு ஒரு 'பார்' வீதம் அழுத்தம் இருந்தால் திருப்தி அடையலாம்.

எப்போதும் குளிர்ந்தே இருப்பதும் நல்லதல்ல. உள்ளே சேரும் நீராவியும் பெட்ரோல் ஆவியும் வெளியேறாமல் எண்ணெய் சேறாகிவிடும். இதற்காகவே, சுமார் 85 டிகிரி வந்த பிறகுதான் வண்டியின் முன்புறமுள்ள குளிர்விப்பானுக்கு எண்ணெயைத் திறந்துவிடும் தெர்மாஸ்டாட் வைத்திருக்கிறார்கள். (ஆரம்ப காலத்து வண்டிகள் பலவற்றில் முன்புறக் குளிர்விப்பானே கிடையாது.) சூடு மிதமிஞ்சும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் தெர்மாஸ்டாட்டைத்தான். எண்ணெய் கொதிக்கையில் முன்புறம் செல்லும் குழாய்கள் மட்டும் சில்லென்று இருந்தால், அது திறக்கவில்லை என்று அர்த்தம். வலது பக்கத்து அடிப்பாகத்தில் ஓடும் அக்குழாய்களை ஜாக்கி வைத்து நசுக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. முள்ளே பொய் சொல்வதும் சகஜம். சில வருஷத்து வண்டிகளில் அந்த வட்டத்தில் எண்களே கிடையாது. யந்திரத்தைப் பிரிக்கும் முன்பு தெர்மாமீட்டரால் சோதித்துவிடுவது சிக்கனம்.

எண்ணெயின் அளவு பார்ப்பதிலும் ஒரு விசித்திரம். மற்ற வண்டிகளில் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறோம். இதிலோ நன்றாகச் சூடான பிறகு, சமதரையில், யந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் பார்க்க வேண்டும். ஆறின வண்டியில் குச்சியை விட்டு, எண்ணெய் குறைவென்று மேலும் மேலும் ஊற்றினால் அது பொங்கிக் காற்றுக் குழாய் வழியே புகுந்து, வீதியெல்லாம் புகை மண்டும்.

இத்தனைக்கும் மேலான அபாயம் விசிறி வார் அறுவது. இவ்வண்டிகளில் பலவற்றில் விசிறியும் மின்சாரம் உற்பத்தி செய்யும் கருவியும் ஒரே வாரில் ஓடுகின்றன. ஆதலால் ஓட்டத்தின் நடுவே பாட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தால், அது பாட்டரிச் சமாசாரம் என்று அடுத்த ஊர் வரையில் ஓட்டிப் போகக் கூடாது. எண்ணெய் முள் ஏறுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். சிலிண்டர்கள் அதுவரை காத்திரா. உடனே ஓரமாக நிறுத்தி, கைவசமுள்ள புது வாரை மாட்டிக்கொண்டே புறப்பட வேண்டும்.